பல கைகள் வரையும் ஒரே படம்

ஒரு பெரிய வங்கியோ, ரயில்வே நிர்வாகமோ, சர்வகலாசாலையோ தன்னுடைய கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரு வலையமைப்பை ஏற்படுத்தும்போது, கேபிள் பதிப்பதற்கு முன்பு மட்டுமின்றி, பதித்த பின்பு அந்த வலையமைப்பு இயங்கும் காலம் முழுவதும் அதற்கு ஒரு படம் அவசியமாக இருக்கிறது. எந்தக் கட்டடத்தின் எந்த அறையில் எந்த ரவுட்டர் நிற்கிறது, அதன் எத்தனையாவது போர்ட்டிலிருந்து புறப்படும் ஃபைபர் எந்த சுவிட்சில் போய்ச் சேருகிறது, எந்தக் கிளைக்கு எந்த முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரங்களையெல்லாம் தாங்கிய அந்தப் படத்தை நம்பித்தான், நள்ளிரவில் பழுது பார்க்கப் போகும் இன்ஜினீயர் ஒரு கேபிளைத் துணிந்து பிடுங்குகிறார். அந்தப் படத்தை நம்பித்தான் நிர்வாகி அடுத்த வருஷத்துக்கு வேண்டிய சாமான்களுக்கு ஆர்டர் கொடுக்கிறார். படம் பொய்யானால் அதை நம்பிச் செய்த காரியங்கள் யாவும் பொய்யாகிவிடும்.

இத்தகைய படத்தை ஒரே ஒருவர் வரைந்து, அவரே திருத்தி, அவரே பாதுகாத்து வந்தால் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான கருவிகளைக் கொண்ட வலையமைப்பை ஒருவர் பராமரிப்பது சாத்தியமில்லாத காரியமாகையால், படமும் பலருடைய கைக்குப் போகிறது. காலையில் இருவர் ஒரே ஃபைலைத் தத்தம் மேஜையில் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தெற்குக் கட்டடத்தில் ஒரு புதிய சுவிட்சைச் சேர்த்துப் பதினொரு மணிக்குச் சேமிக்கிறார். இரண்டாமவர் வடக்குக் கட்டடத்தில் இரண்டு இணைப்புகளை மாற்றி, நண்பகலில், தாம் காலையில் எடுத்த பிரதியின் மீது செய்த அந்தத் திருத்தங்களை அதே பெயரில் சேமிக்கிறார். அந்தக் கணத்திலேயே முதலாமவருடைய சுவிட்ச் படத்திலிருந்து மறைந்துவிடுகிறது. இருவரில் எவரும் தவறு செய்யவில்லை. எச்சரிக்கை மணி எதுவும் ஒலிக்கவில்லை. ஆனாலும் ஒரு காலைநேர உழைப்பு அழிந்துபோயிற்று. மறுவாரம் மூன்றாமவர் ஒருவர், அந்த போர்ட் காலியாக இருப்பதாகப் படத்தில் கண்டு, அதில் வேறொரு கேபிளைச் செருகப் போவார்.

இந்த விபத்தைத் தவிர்ப்பதற்காகக் கடந்த அரை நூற்றாண்டில் விஞ்ஞானிகள் கண்ட வழிகள் பல. அவை பார்வைக்குப் பலவாகத் தோன்றினாலும், பலருடைய பிரதிகளும் ஒன்றாக இருக்கச் செய்வது எப்படி, அவ்வாறு ஒன்றான பிரதி சரியாகவும் இருக்கச் செய்வது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்குள் அவை அடங்கிவிடும். முதல் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகள் மிக அழகானவை. இரண்டாவதன் விடை இன்னும் பெரும்பாலும் மனிதனுடைய விவேகத்திடமே இருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு புள்ளிகளில் தொடங்கிய படம்

இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் 1969 டிசம்பரில் நான்கே நிலையங்களைக் கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா சர்வகலாசாலை, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம், சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா சர்வகலாசாலை, யூட்டா சர்வகலாசாலை ஆகிய அந்த நான்கையும் குறிக்க ஒரு துண்டுத் தாளில் நான்கு வட்டங்களும் சில கோடுகளும் போதுமானவையாக இருந்தன. நிலையங்கள் பெருகப் பெருக, கேம்பிரிட்ஜ் நகரத்து பி.பி.என். கம்பெனி அவ்வப்போது புதிய படங்களை வரைந்து வெளியிட்டு வந்தது. ஒரு ஸ்தாபனம் வரைய, மற்றவர்கள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் பிரதிகள் மாறுபடுவதற்கு இடம் குறைவு.

ஆனால் படத்தோடு சேர்ந்த இன்னொரு ஏடு வேறு கதையைச் சொல்கிறது. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெயரையும் அதன் முகவரியையும் கொண்ட ஒரு பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிஸபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் பராமரித்து வந்தது. எங்கேனும் புதிய கம்ப்யூட்டர் சேர்ந்தால் அந்த மையத்துக்கு எழுதித் தெரிவிப்பார்கள். மையம் பட்டியலைத் திருத்தும். மற்ற எல்லோரும் அதன் புதிய பிரதியை எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் நூற்றுக்கணக்கில் பெருகிய பிறகு, ஒரு பிரதி எல்லோருக்கும் போய்ச் சேர்வதற்குள் மூலம் மாறிவிடுவதும், ஒருவர் பழைய பட்டியலையும் மற்றொருவர் புதிய பட்டியலையும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் காண முடியாமல் தவிப்பதும் சகஜமாயின. 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தளித்த டி.என்.எஸ். என்னும் முறை இதற்குப் பரிகாரமாக அமைந்தது. பட்டியல் முழுவதையும் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரவர் பகுதிக்கு அவரவரே பொறுப்பு. வேண்டியபோது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதே அதன் சாராம்சம்.

வலையமைப்புப் படங்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். எல்லா ஒற்றுமைப் பிரச்னைகளிலும் சுலபமாகத் தீர்வது, பங்கிட்டுப் பிரித்துக்கொள்வதால் எழாமலே போய்விடும் பிரச்னைதான். தெற்குக் கட்டடத்துப் படம் ஒரு தாள், வடக்குக் கட்டடத்துப் படம் வேறொரு தாள், இரண்டையும் இணைக்கும் பெருவழிகளின் படம் மூன்றாவது தாள் என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினால் மோதலில் பெரும்பகுதி அப்போதே நீங்கிவிடுகிறது. எஞ்சி நிற்கும் பகுதிக்குத்தான் சாஸ்திரம் தேவைப்படுகிறது.

பூட்டு என்னும் உபாயம்

மனித சமுதாயம் நெடுங்காலமாக அறிந்த உபாயம் பூட்டு. படத்தைத் திருத்த விரும்புகிறவர் அதை மையத்திலிருந்து தம் பெயரில் எடுத்துக்கொள்கிறார். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் அதைப் பார்க்கலாமேயன்றித் தொட முடியாது. பூட்டுகளைப் பிரயோகிப்பதற்குரிய இலக்கணத்தை, ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் சான் ஹோஸே ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஈஸ்வரன், கிரே, லோரி, டிரைகர் ஆகிய நால்வர் 1976-ல் வகுத்தார்கள். ஒரு காரியத்தை ஆரம்பித்தவர் தமக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே போகலாம், ஆனால் அவற்றில் ஒன்றைத் திறந்துவிட்ட பிறகு புதிதாக வேறெதையும் பூட்டக்கூடாது என்ற ஒரே ஒரு நியமத்தை எல்லோரும் அனுஷ்டித்தால், பலர் ஒரே சமயத்தில் செய்த காரியங்களின் பலன், அவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செய்திருந்தால் கிடைக்கக்கூடிய பலனாகவே இருக்கும் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

பூட்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. படம் முழுவதற்கும் ஒரே பூட்டு என்றால் ஒருவர் வேலை செய்யப் பத்துப் பேர் காத்துக்கிடக்க நேரிடும். ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பூட்டு என்றால் காத்திருத்தல் குறையும். ஆனால் வலையமைப்புப் படத்துக்கே உரிய ஒரு சங்கடம் அங்கே தலைகாட்டும். எழுத்துப் பிரதியில் ஒரு வரி தன்னளவில் நிற்கக்கூடியது; வலையமைப்புப் படத்திலோ ஒவ்வொரு கோடும் இரண்டு கருவிகளுக்குச் சொந்தம். சென்னை ரவுட்டரைப் பூட்டிக்கொண்டவர் மதுரை ரவுட்டருக்காகக் காத்திருக்க, மதுரையைப் பூட்டிக்கொண்டவர் சென்னைக்காகக் காத்திருக்க, இருவரும் பிரளயகாலம் வரையில் அப்படியே நிற்க வேண்டியதுதான். எல்லோரும் ஒரே வரிசைக்கிரமத்தில் பூட்டுவது என்று ஏற்பாடு செய்துகொள்வதே இதற்கு எளிய நிவாரணம்.

பூட்டியவர் மறந்துபோய் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது? கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989-ல் இதற்கு ஒரு வழி கூறினார்கள். பூட்டு நிரந்தரமானதாக இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் குத்தகையாக இருக்கட்டும். வேலை முடியாதவர் தவணை தீருமுன் புதுப்பித்துக்கொள்ளட்டும். புதுப்பிக்காதவருடைய உரிமை தானாகவே முடிந்துபோகட்டும் என்பது அவர்களுடைய யோசனை. இன்று பல மென்பொருள்களில் ‘இந்தப் படத்தை இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்ற அறிவிப்புச் சிறிது நேரத்தில் தானே மறைந்துபோவது இந்த யோசனையின் பயனேயாகும்.

கோடுகளா, பொருள்களா?

பூட்டைச் சகிக்காதவர்கள் வேறு வழியை நாடினார்கள். அவரவரும் தம் பிரதியில் தம் இஷ்டப்படி திருத்தட்டும். பிறகு திருத்தங்களை ஒன்றுசேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கொள்கை. ஒன்றுசேர்க்கும்போது இரண்டு பிரதிகளை மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஒன்றில் ஒரு கேபிள் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்றால், முதலாமவர் அதைச் சேர்த்தாரா, இரண்டாமவர் நீக்கினாரா என்பதை எவ்வாறு அறிவது? இருவரும் பிரிந்து செல்லுமுன் இருந்த பொது மூலத்தையும் கூட வைத்து மூன்றாக ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். மூலத்திலிருந்து ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை ஏற்கலாம். இருவரும் ஒரே விதமாக மாற்றியிருந்தாலும் ஏற்கலாம். ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் அதுவே மோதல். அதை மனிதர்தான் தீர்க்க வேண்டும். பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் முறைகள், 1972-ல் மார்க் ராக்கைண்டு செய்த எஸ்.சி.சி.எஸ்., 1980களின் தொடக்கத்தில் வால்ட்டர் டிஷி செய்த ஆர்.சி.எஸ்., 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்று வரிசையாக வளர்ந்து வந்தன.

இவையெல்லாம் வரிவரியாக அமைந்த எழுத்துக்கு ஏற்பட்டவை. படத்துக்கு இம்முறை பலிக்க வேண்டுமானால், படம் என்பது புள்ளிகளின் கூட்டம் என்ற எண்ணத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் ஐவன் சதர்லண்டு. 1963-ல் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம்முடைய டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்த ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் சாதனம், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் கோடுகளைக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய பொருள்களாகப் பதித்துக்கொண்டது. ஒரு முனையை நகர்த்தினால் அதில் வந்து சேரும் கோடுகள் யாவும் கூடவே நகர்ந்தன. வலையமைப்புப் படமும் இவ்வாறே, ரவுட்டர் ஒரு பொருள், போர்ட் ஒரு பொருள், இரண்டு போர்ட்டுகளைச் சேர்க்கும் கேபிள் ஒரு பொருள் என்று அமைந்திருந்தால்தான் இரண்டு பிரதிகளை அர்த்தத்தோடு ஒப்பிட முடியும்.

அந்தப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பெயரையும் இருப்பிடத்தையும் சாராத ஓர் அடையாள எண் வேண்டும். ஒருவர் ரவுட்டரின் பெயரை மாற்றுகிறார். அதே வேளையில் மற்றொருவர் அதைப் படத்தில் வேறிடத்துக்கு நகர்த்துகிறார். பெயரையே அடையாளமாகக் கொண்ட முறையில், பழைய ரவுட்டர் மறைந்து புதிய ஒன்று முளைத்ததாகத் தோன்றி, நகர்த்தியவருடைய திருத்தம் அநாதையாகிவிடும். நிலையான எண் இருந்தால் புதிய பெயரும் புதிய இடமும் ஒரே பொருளின்மீது சமாதானமாகக் கூடிவிடும். இந்த எண்ணை வழங்க ஒரு மையம்கூடத் தேவையில்லை. 128 பிட் நீளமுள்ள எண்ணில் 122 பிட்டுகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால், உலகின் இரு மூலைகளில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்காமலே எண்களை இட்டுக்கொண்டு போனாலும், இரண்டு எண்கள் ஒன்றாக அமைவது நடைமுறையில் நிகழாத சம்பவம்.

ஒரே கணத்தில் பலர்

ஒருவர் வரைவதை மற்றவர் அக்கணமே காண வேண்டும் என்ற ஆசை 1968 டிசம்பர் 9-ஆம் தேதியே பிரத்தியட்சமாயிற்று. அன்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கூடிய சபையின் முன், டக்ளஸ் எங்கல்பார்ட் மென்லோ பார்க்கில் இருந்த சகாவுடன் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்து காட்டினார். ஆனால் அங்கே இயங்கியது ஒரே கம்ப்யூட்டர். பிரதிகள் பல இருக்கவில்லை. பிரதிகள் பலவாகித் தூரதேசங்களில் இருக்கும்போது பிரகிருதியே ஒரு எல்லையை விதிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ள நேர்த்தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். ஆகவே கேள்வி போய்ப் பதில் வருவதற்கு ஒரு வினாடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காவது ஆகும். கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் அதிகமாகும். மவுஸை அசைக்குந்தோறும் மையத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் யாருக்கும் வரையத் தோன்றாது. எனவே அவரவர் பிரதியில் உடனே வரைந்துவிட்டு, செய்ததைப் பின்னால் மற்றவர்களுக்கு அறிவிப்பது தவிர வேறு மார்க்கம் இல்லை.

இங்கேதான் ஒரு கருத்துப் புரட்சி தேவைப்பட்டது. கூட்டுக் குடும்பத்தின் பேரேட்டில் கைவசம் உள்ள ரொக்கத்தை யாரும் நேரடியாக எழுதி வைப்பதில்லை. வரவையும் செலவையும் எழுதி வைக்கிறார்கள். இருப்பு அவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதுபோலவே, பகிர்ந்துகொள்ள வேண்டியது படமன்று, படத்தின்மீது செய்யப்பட்ட செயல்களின் வரிசை. அந்த வரிசையை ஆதியிலிருந்து நடத்திப் பார்த்தால் படம் தானே உருவாகும் என்று கொண்டால், ‘பிரதிகளை ஒன்றாக்குவது எப்படி’ என்ற கேள்வி ‘செயல்களின் வரிசையை ஒன்றாக்குவது எப்படி’ என்று மாறுகிறது.

வரிசையை அறியக் கடிகாரத்தைப் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும் ஒரு நாளில் ஒன்றே முக்கால் வினாடி வித்தியாசப்பட்டுவிடும். அதற்குள் பத்துத் திருத்தங்கள் நடந்துவிடும். 1978-ல் லெஸ்லி லாம்போர்ட் கடிகாரத்தையே தள்ளிவிட்டு, வெறும் எண்ணிக்கையைக் கொண்டு இதைத் தீர்த்தார். ஒவ்வொருவரும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ஒரு செயலைச் செய்யுந்தோறும் அதை ஒன்று கூட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தால், தம் எண்ணை அதில் குறித்துள்ள எண்ணைக் காட்டிலும் பெரியதாக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவே விதி. ஒன்றைக் கண்டு அதன் விளைவாகச் செய்யப்பட்ட மற்றொன்று எப்போதும் பெரிய எண்ணைப் பெறும். காரணத்துக்கு முன்னால் காரியம் வந்து நிற்கும் விபரீதம் ஏற்படாது.

ஆயினும் ஒருவர் மற்றவரை அறியாமல் ஒரே வேளையில் செய்த செயல்களை என்ன செய்வது? டெக்ஸஸ் மாகாணத்து ஆஸ்டினில் கிளாரன்ஸ் எல்லிஸும் சைமன் கிப்ஸும் 1989-ல் ஒரு விடை தந்தார்கள். அலமாரியில் உள்ள கருவிகளின் பட்டியலில் மூன்றாவது இடத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார். அதை அறியாத இன்னொருவர் ஐந்தாவதை நீக்குகிறார். ‘ஐந்தாவதை நீக்கு’ என்ற செய்தி முதலாமவரிடம் வரும்போது அவருடைய பட்டியலில் அந்தக் கருவி ஆறாவதாகியிருக்கும். அப்படியே நிறைவேற்றினால் வேறொரு கருவி பலியாகும். எனவே வந்த கட்டளையை ‘ஆறாவதை நீக்கு’ என்று உருமாற்றி நிறைவேற்ற வேண்டும். இந்த உருமாற்ற முறை எல்லாச் சந்தர்ப்பங்களிலும் சரியாக நடப்பதை உறுதிசெய்வது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. 1995-ல் ஜெராக்ஸ் ஸ்தாபனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான ‘ஜூபிட்டர்’ என்னும் ஏற்பாடு, நடுவே ஒரு சர்வரை வைத்து எல்லாச் செயல்களும் அதன் வழியாகவே போக வேண்டும் என்று விதித்ததன் மூலம் சிக்கலைக் குறைத்தது.

2011-ல் மார்க் ஷப்பீரோ, நூனோ ப்ரெகிஸா, கார்லோஸ் பகேரோ, மரெக் ஸவிர்ஸ்கி ஆகியோர், உருமாற்றமே வேண்டாத வகையில் தரவுகளை அமைக்கலாம் என்று காட்டினார்கள். இந்த அமைப்பை சி.ஆர்.டி.டி. என்று வழங்குகிறார்கள். செயல்கள் எந்த வரிசையில் வந்தாலும், ஒன்றே இருமுறை வந்தாலும், முடிவு ஒன்றாகவே இருக்கும்படி அவற்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இதன் ரகசியம். எண்களின் இரண்டு கூட்டங்களில் பெரிய எண்ணைத் தேடுகிறவன் எந்தக் கூட்டத்தை முதலில் பார்த்தாலும் விடை மாறாதல்லவா? அதே குணம்தான் இங்கும். வலையமைப்புப் படத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு சிக்கலையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒருவர் ஒரு ரவுட்டரைப் படத்திலிருந்து நீக்குகிறார். அதே வேளையில் இன்னொருவர் அந்த ரவுட்டருக்கு ஒரு கேபிளை இழுக்கிறார். நீக்குவதே வெல்லும் என்று வைத்துக் கேபிளையும் சேர்த்து நீக்கலாம். இணைப்பதே வெல்லும் என்று வைத்து ரவுட்டரைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம். அல்லது ஒரே காலத்து இணைப்புகள் யாவும் வந்து சேரும்வரை நீக்குதலை ஒத்திப்போடலாம். மூன்றிலும் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகும். எது உசிதம் என்பதைக் கணிதம் சொல்லாது.

நடைமுறையில் வெற்றிபெற்ற மென்பொருள்கள் இக்கொள்கைகளை முழுவதும் பின்பற்றாமல், தமக்கு வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டன. பலர் ஒருங்கே வரையும் வசதியை 2016-ல் அளித்த ஃபிக்மா என்னும் ஸ்தாபனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான இவான் வாலஸ், 2019-ல் அதன் உள்ளமைப்பை விளக்கினார். ஒவ்வொரு பொருளின் ஒவ்வொரு குணமும், நிறம், அகலம், இடம் என்று தனித்தனியே கணக்கிடப்படுகிறது. ஒருவர் நிறத்தையும் மற்றவர் அகலத்தையும் மாற்றினால் மோதலே இல்லை. ஒரே குணத்தை இருவர் மாற்றினால் சர்வரிடம் கடைசியாக வந்தது நிற்கும். இரண்டு பொருள்களுக்கு நடுவே மூன்றாவதை நுழைக்க, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை இருப்பதுபோல் பின்ன எண் ஒன்றை வழங்கிவிடுவார்கள். மற்றவற்றின் வரிசையெண் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எளிமையே இவ்வமைப்பின் சிறப்பு.

வலையமைப்பே வரைந்துகொண்ட படம்

இந்த முறைகளைக் கற்பனை என்று எண்ணுகிறவர்களுக்கு அர்ப்பாநெட்டின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1979-80 வாக்கில் அந்த வலையமைப்பின் ஒவ்வொரு நிலையமும் வலையமைப்பு முழுவதன் படத்தையும் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, செய்திகள் செல்ல வேண்டிய வழியை அதைக் கொண்டே தீர்மானித்து வந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புகளின் நிலைமையை அவ்வப்போது ஓர் அறிவிப்பாக வெளியிடும். அதைப் பெற்ற அயல் நிலையங்கள் மற்றவற்றுக்குப் பரப்பும். பழைய அறிவிப்பு எது, புதியது எது என்று காண்பதற்காக ஒவ்வொன்றிலும் 0 முதல் 63 வரையில் ஒரு வரிசையெண் இருந்தது. 63-க்குப் பின் மறுபடியும் 0 வரும். எண்கள் வட்டமாகச் சுழல்வதால், வட்டத்தில் பாதித் தூரத்துக்குள் முன்னே நிற்கும் எண் புதியது என்று விதி செய்திருந்தார்கள்.

1980 அக்டோபர் 27-ஆம் தேதி, பழுதடைந்த கருவி ஒன்று ஒரே நிலையத்தின் அறிவிப்பில் சில பிட்டுகளை நழுவவிட்டது. விளைவாக 44, 40, 8 என்ற எண்களைத் தாங்கிய மூன்று அறிவிப்புகள் ஒரே சமயத்தில் உலவத் தொடங்கின. விதிப்படி 44, 40-ஐவிடப் புதியது. 40, 8-ஐவிடப் புதியது. வட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் 8, 44-ஐவிடப் புதியது. ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தள்ளிவிட்டுத் தானே புதியது என்று வந்து நிற்க, நிலையங்கள் யாவும் அம்மூன்றையும் இடைவிடாமல் பெற்றுக்கொண்டும் பரப்பிக்கொண்டுமே தம் சக்தியைச் செலவிட்டன. பல மணி நேரம் அர்ப்பாநெட் உபயோகமற்றுப் போயிற்று. பி.பி.என். ஸ்தாபனத்தின் எரிக் ரோஸன் மறு வருஷம் எழுதிய அறிக்கை இச்சம்பவத்தை விரிவாக விளக்குகிறது.

ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1983-ல், எண்கள் வட்டமாகச் சுழலாமல் நேர்கோட்டில் ஏறவேண்டும் என்றும், ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஆயுட்காலம் ஒன்று இருக்க வேண்டும் என்றும் காட்டினார். இன்று பல வலையமைப்புகளில் இயங்கும் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறை அந்த வழியில் அமைந்தது. அதன் வரிசையெண் 32 பிட் நீளமுள்ளது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனாலும் தீர்ந்துபோகச் சுமார் 680 வருஷமாகும். ஒவ்வோர் அறிவிப்பும் 30 நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கப்படாதது ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிறது. மனிதர்கள் வரையும் படத்திலும், எந்தத் திருத்தம் பிந்தியது என்பதைத் தீர்மானிக்கும் விதி ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒன்றுபட்ட தவறு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு கிளை அலுவலகத்துக்குத் தலைமை நிலையத்திலிருந்து இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒரு இன்ஜினீயர் படத்தைப் பார்த்து, மற்றொரு வழி இருக்கிறதே என்ற தைரியத்தில், கிழக்கு வழியை நீக்குகிறார். அதே நாளில் வேறொருவர், தம் பிரதியில் கிழக்கு வழி இருப்பதைக் கண்டு, மேற்கு வழியை நீக்குகிறார். இருவரும் தொட்டவை வெவ்வேறு பொருள்கள். பூட்டுகள் மோதவில்லை, மும்முனை ஒப்பீட்டில் முரண்பாடு தெரியவில்லை, எல்லாப் பிரதிகளும் மிக அழகாக ஒன்றுபட்டுவிட்டன. ஒன்றுபட்ட அந்தப் படத்தில் கிளை அலுவலகம் தனித்தீவாகக் கிடக்கிறது. இருவர் வெவ்வேறு கருவிகளுக்கு ஒரே முகவரியை ஒதுக்குவதும், இருவர் வெவ்வேறு கேபிள்களை ஒரே போர்ட்டில் முடிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. படத்தின் இலக்கணம் கெடவில்லை, பொருள்தான் கெட்டுப்போயிற்று.

இத்தகைய தவறுகளைப் பிரதிகளை ஒன்றாக்கும் எந்தச் சூத்திரமும் தடுக்காது. ஏனெனில் ‘ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வழியாவது இருக்க வேண்டும்’ என்பது போன்ற நியமங்கள் தனித்தனிப் பொருள்களில் இல்லை, அவற்றின் கூட்டுறவில் இருக்கின்றன. அவற்றைக் காக்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, அந்த நியமத்தைத் தொடும் காரியங்களை மட்டும் ஒரு மையத்தின் அனுமதிக்கு உட்படுத்துவது. முகவரி ஒதுக்கீடு இதற்குச் சிறந்த உதாரணம். மற்றொன்று, திருத்தங்கள் ஒன்றுசேர்ந்த பிறகு படம் முழுவதையும் சோதித்து, நியமம் மீறப்பட்டிருந்தால் இருவரையும் அழைத்துச் சொல்வது. எல்லாவற்றையும் எப்போதும் மையத்தைக் கேட்டே செய்வது என்று வைத்துக்கொண்டால், இணைப்பு அறுந்த வேளையில் வேலையே நின்றுபோகும். 2000-ல் எரிக் புரூவர் ஊகமாகக் கூறி, 2002-ல் ஸெத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்த தேற்றம் இதைத்தான் சொல்கிறது: தொடர்பு துண்டிக்கப்பட்ட நிலையில், எல்லோருக்கும் ஒரே உண்மை கிடைப்பதும் எல்லோரும் தடையின்றி வேலை செய்வதும் ஒருங்கே சாத்தியமல்ல, ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

படத்தைத் திருத்தும் மனிதர்களைத் தவிர, சொல்லாமல் மாறும் இன்னொரு பங்காளியும் உண்டு. அது உண்மையான வலையமைப்பு. அவசரத்தில் ஒருவர் கேபிளை மாற்றிச் செருகிவிட்டுப் படத்தில் குறிக்க மறந்தால், எல்லாப் பிரதிகளும் ஒத்திருந்தும் எல்லாமே பொய். 2005-ல் தரநிர்ணயம் செய்யப்பட்ட எல்.எல்.டி.பி. என்னும் ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு கருவியும் தன் பக்கத்தில் இணைந்துள்ள கருவிக்குத் தன்னை அறிவித்துக்கொள்கிறது. அந்த அறிவிப்புகளைத் திரட்டிப் படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடுகள் வெளிப்படும். ஆனால் வேறுபாடு கண்ட இடத்தில் படத்தைத் திருத்துவதா, கேபிளைத் திருத்துவதா என்பதை, அந்த வலையமைப்பு எப்படி இருக்க வேண்டுமென்று திட்டமிட்டவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே, பலர் கூடிப் பராமரிக்கும் வலையமைப்புப் படத்துக்கு மென்பொருள் தேடுகிறவர்கள், எந்த மென்பொருள் சிறந்தது என்ற விசாரணையைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, தங்கள் படத்தில் எவை எவரும் எப்போதும் தடையின்றித் திருத்தக்கூடியவை, எவை ஒருவருடைய அனுமதியோடு மட்டுமே திருத்தக்கூடியவை என்று இரண்டு ஜாபிதாக்களை முதலில் தயாரிக்கட்டும். பொருளின் இடம், நிறம், குறிப்பு, பெயர் முதலியன முதல் ஜாபிதாவில் சேரும். முகவரி, போர்ட், மாற்றுவழி முதலியன இரண்டாவதில் சேரும். இவ்விரண்டையும் செய்து முடித்தவர்களுக்கு எந்த மென்பொருளும் ஓரளவு பயன்படும். செய்யாதவர்களுக்கு எதுவும் பயன்படாது.